பாரசீகக் கம்பளத்தின் மறுபுறம்

பெரியோர் ஒருவரை இரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்றனர் என்று எழுதுவது நம்மவர் வழக்கு. எழுதுவோரும் படிப்போரும் அக்கம்பளத்தைப் பெரும்பாலும் கண்டதில்லை. பரிசளிப்பு விழாவிலே வாயிலிலிருந்து மேடைவரை கிடக்கும் சிவப்புத் துணியையே அப்பெயராற் குறித்து அமைகின்றோம். உண்மையான கம்பளமோ இன்று நம் வீடுகளுக்கும் வந்து சேர்கின்றது. வளைகுடா நாடுகளிலே தொழில்புரிந்து மீள்வோரும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் உறவினரும் பாரசீகக் கம்பளம் எனச் சொல்லி வாங்கி வருகின்றனர். பெரும்பணங் கொடுத்து வாங்கிய அப்பொருள் இன்னதென அறிந்து வாங்கினோர் எத்துணையர் என்பதுதான் வினா.

சென்ற ஆண்டு பழைய மாணவர் ஒருவர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். வளைகுடா நாடொன்றிலே பன்னீராண்டு உழைத்து ஊர் திரும்பியவர் அவர். கூடத்தின் நடுவே ஒரு கம்பளத்தை விரித்திருந்தார். நடுவிலே பதக்கமும், சுற்றிலும் கொடிகளும் பூக்களுமாகக் கண்ணைப் பறிக்கும் கோலம். மூன்று மாதச் சம்பளம் அதற்கே போயிற்று என்றார். நான் குனிந்து அதன் மூலையொன்றைப் பிடித்துப் புரட்டினேன். “மேற்பக்கத்தைப் பாராமல் ஏன் புரட்டுகிறீர்கள், சேர்?” என்று கேட்டார். அதற்கு அன்று நான் சொன்ன விடை சுருக்கமானது. எஞ்சியதை இங்கே எழுதுகின்றேன். நூல்களிற் கற்றதும், கைக்கெட்டிய சில கம்பளங்களைப் புரட்டிப் பார்த்ததுமே இப்பொருள்பற்றி எழுத எனக்குள்ள தகுதி.

முதலிலே முடிச்சைப் பற்றிச் சொல்லவேண்டும். நாம் அறிந்த சமக்காளத்திலே பாவும் ஊடையும் ஒன்றையொன்று பின்னிக் கிடக்க, ஊடையின் நிறமே கோலத்தைத் தருகின்றது. பாரசீகத்தாரும் இத்தகைய தட்டை நெசவு உடையர். அதனைக் கிலிம் என்பர். மயிர்க் கம்பளம் அதனின் வேறுபட்டது. தறியிலே பாவு நூல்களை மேலிருந்து கீழாக இறுகப் பூட்டி, நெய்வோர் அதன்முன் அமர்ந்து, அடியிலிருந்து மேல்நோக்கி வேலைசெய்வர். ஒரு கம்பளியிழையை எடுத்து அடுத்தடுத்த இரு பாவு நூல்களிலே சுற்றி, அதன் இரு முனைகளையும் முன்னே இழுத்து, கத்தியால் வெட்டிவிடுவர். இதுவே ஒரு முடிச்சு. வெட்டுண்ட முனைகள் இரண்டும் கம்பளத்தின் மயிர் ஆகின்றன. ஒரு வரிசை முடிந்தவுடன் ஊடை நூலைக் குறுக்கே செலுத்தி, கனத்த சீப்பினால் அடித்து இறுக்குவர். பின் அடுத்த வரிசை. கோலத்திலே காணும் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே கட்டப்பட்ட ஒரு முடிச்சே.

முடிச்சு இருவகைப்படும். இழை இரு பாவு நூல்களையும் மேலே தழுவி, இரு முனைகளும் அவ்விரு நூல்களுக்கும் இடையே வெளிவருமாயின் அது சமமுடிச்சு. துருக்கி முடிச்சு என்றுஞ் சொல்லுவர். ஒரு நூலை முழுதுஞ் சுற்றி, மற்றதன் பின்னே சென்று, முனைகள் வெவ்வேறிடத்தே வெளிவருமாயின் அது சமமில் முடிச்சு. இதற்குப் பாரசீக முடிச்சு என்றும், சென்னே முடிச்சு என்றும் பெயர். வேடிக்கை என்னவெனில், சென்னே எனப் பழம்பெயர் கொண்ட சனந்தஜ் நகரத்தார் கட்டுவது துருக்கி முடிச்சே. பெயரை நம்பிப் பொருளை அறியப் புகுவோர்க்கு இஃதொரு நல்ல எச்சரிக்கை. இவற்றொடு கள்ளமுடிச்சு ஒன்றும் உண்டு. இரு பாவு நூல்களிலே கட்டவேண்டியதை நான்கிலே கட்டிவிடுவது அது, ஜுப்தி என்பர். வேலையும் கம்பளியும் பாதியாகக் குறையும். கம்பளத்தின் ஆயுளும் குறையும். மேலே பார்ப்பவர் இதனை அறியமாட்டார். மறுபுறத்தைப் பார்ப்பவர் அறிவார்.

இக்கலை எத்துணைப் பழையது என்பதற்குச் சான்று பாரசீகத்துக்கு வெளியே கிடைத்தது. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியிலுள்ள பசிரிக் என்னுமிடத்திலே ருதென்கோ என்னும் இரசிய அறிஞர் 1949ஆம் ஆண்டு ஒரு புதைமேட்டை அகழ்ந்தார். பழங்காலத்திலேயே கள்வர் துளையிட்டுப் புகுந்த அப்புதைகுழியினுள்ளே நீர் இறங்கிப் பனிக்கட்டியாய் உறைந்திருந்தது. அப்பனிக்கட்டிக்குள்ளே ஒரு கம்பளம் அழியாது கிடந்தது. குதிரை வீரரும் மானினமும் வரிசையாக நெய்யப்பட்ட, ஏறக்குறைய இரண்டு மீற்றர்ச் சதுரமான அது, கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் அல்லது நான்காம் நூற்றாண்டினதென மதிக்கப்படுகின்றது. எந்நாட்டார் நெய்தனர் என்பது இன்றும் வாதத்துக்குரியது. ஆனால் அதிலே ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 36 முடிச்சுக்கள் உள்ளன. இவ்வெண்ணை நினைவில் வைத்துக்கொள்க. சற்றுப் பின்னர் வேண்டியிருக்கும்.

பாரசீகக் கம்பளங்களுட் பெரும்புகழ் வாய்ந்தது ஆர்தபீல் கம்பளம். சபவீ அரசகுலத்தின் முன்னோராகிய ஷேக் சபியுத்தீனின் அடக்கத்தலம் ஆர்தபீல் நகரிலே உள்ளது. அத்தலத்திலே கிடந்தமையால் இப்பெயர் பெற்றது. நீளம் பத்தரை மீற்றர். அகலம் ஐந்து மீற்றருக்கு மேல். ஒரு முனையிலே மக்சூத் காஷானி என்னும் பெயரும் ஹிஜ்ரி 946 என்னும் ஆண்டும் நெய்யப்பட்டுள்ளன. அது கிறிஸ்தாப்தம் 1539-40 ஆகும். ஆண்டு குறிக்கப்பட்ட கம்பளங்களுள் இதற்கு முற்பட்டன மிகச் சிலவே. 1893இல் இலண்டனிலுள்ள நூதனசாலை இதனை 2,000 பவுணுக்கு வாங்கிற்று. அந்நாளிலே அது பெருந்தொகை. வாங்குக என நூதனசாலையாருக்கு வற்புறுத்திக் கூறியவர் வில்லியம் மொறிஸ் என்னும் கவிஞர். தாமே கம்பளம் நெய்யவும் சாயமிடவும் கற்றவர். இன்று அந்நூதனசாலைக்கு விக்டோரியா அல்பேட் நூதனசாலை என்று பெயர்.

இதன் புகழுக்குப் பின்னே ஒரு துயரமும் உண்டு. ஆர்தபீற் கம்பளங்கள் இரண்டு. ஒரே கோலத்தில் நெய்த இணை அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே விற்கப்பட்டபோது இரண்டும் சிதைந்திருந்தன. ஆகவே ஒன்றை முழுமையாக்குவதற்காக மற்றதை வெட்டி ஒட்டுப்போட்டனர். வெட்டுண்டது தன் கரைகளை இழந்து, சுருங்கி, கைமாறிக் கைமாறி, ஈற்றிலே ஜே. போல் கெற்றி என்னும் செல்வரால் 1953இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நூதனசாலைக்கு அளிக்கப்பட்டது. இலண்டனிலே இருப்பதை வியப்போர் அதன் உடன்பிறப்பு பட்ட பாட்டையும் நினைத்தல் தகும்.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். தப்ரீஸ் நகரத்தார் கம்பளத்தின் நெருக்கத்தை ராஜ் என்னும் அளவாற் குறிப்பர். ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் அகலத்திலே எத்தனை முடிச்சுக்கள் உள்ளனவோ அத்தனை ராஜ். 40 ராஜ் என்றால் நல்ல கம்பளம்; மிக உயர்ந்ததன்று. அதிலே ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 32 அல்லது 33 முடிச்சுக்கள் வரும். பசிரிக் கம்பளத்தின் 36ஐ இதனோடு ஒப்பிட்டுக் காண்க. இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட கை இன்றைய நல்ல கையைவிட நெருக்கமாகக் கட்டியிருக்கின்றது. இரண்டு மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் நீளமுங் கொண்ட 40 ராஜ் கம்பளத்திலே ஏறக்குறைய பத்தொன்பதரை இலட்சம் முடிச்சுக்கள் உள. கைதேர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 8,000 முடிச்சுக்கள் கட்டுவார் எனக் கொண்டால், தனியொருவருக்கு 245 வேலைநாள்கள் ஆகும். நம் பாடசாலைகள் ஓராண்டில் நடைபெறும் நாள்கள்கூட அத்துணையில்லை. ஆர்தபீற் கம்பளத்திலே ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் முடிச்சுக்கள். அதே வேகத்திலே ஒருவர் கட்டினால் ஒரு நாளும் ஓயாமல் ஒன்பது ஆண்டுகள். பலர் கூடி நெய்தமையாலேதான் அது முடிந்தது.

கணக்கு இவ்விடத்திலே நிற்பதில்லை. இத்தனை முடிச்சுக்களையும் கட்டிய விரல் யாருடையது என்ற வினா எழுகின்றது. மெல்லிய விரல் நெருக்கமான முடிச்சுக்கு ஏற்றதென்று சொல்லிச் சிறுவரையும் சிறுமியரையும் தறியின் முன்னே இருத்திய காலம் உண்டு. கெர்மான் நகரத்துப் பட்டறைகளிலே குழந்தைப் பருவந்தொட்டுக் குந்தியிருந்து நெய்த பெண்களின் இடுப்பெலும்பு ஒடுங்கி, பிள்ளைப்பேறு அவர்க்கு உயிர்ப்போராட்டமாயிற்று என்பதை அந்நகரிலே பணிபுரிந்த மிஷன் மருத்துவர் கண்டு எழுதிவைத்தனர். 1920களின் தொடக்கத்திலே சர்வதேசத் தொழில் நிறுவனம் இதனைக் கவனித்தது. 1923இல் கெர்மான் ஆளுநர் சிறுவர் வேலையைக் கட்டுப்படுத்தும் கட்டளையொன்றைப் பிறப்பித்தார். கட்டளை ஒன்று, நடைமுறை ஒன்று என்பதை நாம் அறியோமா? இந்தியாவிலே கைலாஷ் சத்தியார்த்தி முதலியோரின் முயற்சியால் 1994இல் றக்மார்க் என்னும் அடையாளச் சீட்டு ஏற்பட்டது. சிறுவர் உழைப்பின்றி நெய்த கம்பளத்துக்கே அச்சீட்டு உரியது. இப்போது குட்வீவ் என்னும் பெயரால் அது வழங்குகின்றது. சத்தியார்த்திக்கு 2014இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அச்சீட்டு இந்தியா, நேபாளம் போன்ற நாட்டுக் கம்பளங்களைச் சார்ந்ததேயன்றி ஈரானியக் கம்பளத்தைச் சார்ந்ததன்று. ஈரானியக் கம்பளத்தை வாங்குவோர், நெய்தவர் யார், எங்கே நெய்தனர் என்று விற்போனைக் கேட்டல் வேண்டும். விடை சொல்லத் தெரிந்த வணிகர் சிலரே. அச்சிலரிடம் வாங்குதல் நன்று.

கம்பளியும் சாயமும் அடுத்துக் கருதத்தக்கன. உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்த கம்பளியிலே இயற்கையான எண்ணெய்ப்பசை உண்டு. அது மிதிபடமிதிபட மெருகேறும். கொன்ற ஆட்டின் தோலிலிருந்து சுண்ணாம்பிட்டுக் கழற்றிய மயிரோ உயிரற்றது. தடவினால் சொரசொரக்கும், விரைவில் முறிந்து உதிரும். பாவும் ஊடையும் நகரக் கம்பளங்களிலே பருத்தியாயிருக்கும். கஷ்காய் முதலிய இடம்பெயர் குடியினர் தம் ஆட்டுக் கம்பளியையே பாவாகவும் பூட்டுவர். மிக நுண்ணிய கம்பளங்களிலே பட்டுப் பாவைக் காணலாம்.

பழைய சாயங்கள் செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் வந்தவை. நீலத்துக்கு அவுரி, பழுப்புக்கு வால்நட் காயின் புறத்தோல், மஞ்சளுக்கு வேறு செடிகளும் மாதுளைத் தோலும். சிவப்பைத் தந்தது மஞ்சிட்டி இனத்துச் செடியொன்றின் வேர். ஒல்லாந்தர் காலத்திலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுத் துணிகளுக்குச் சிவப்பேற்றிய நம் சாயவேரும் அச்செடியின் குடும்பத்ததே. படிகாரத்திலே முன்னரே ஊறவைத்த கம்பளியிலே இவ்வேரின் நிறம் பற்றிக்கொண்டு எளிதிற் போகாது. கறுப்புக்காக இரும்புச் சத்துச் சேர்த்த சாயம் மட்டும் காலப்போக்கிலே கம்பளியை அரித்துவிடும். பழைய கம்பளமொன்றைத் தடவும்போது கறுத்த கோடுகள் மட்டும் பள்ளமாகத் தட்டுப்படுவது இதனாலேயே. அதனைக் குறையெனக் கொள்ளாது வயதின் அடையாளமெனக் கொள்க.

1856இல் பேர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். 1868இல் சாயவேரின் செந்நிறப் பொருளையே ஜேர்மானியர் ஆய்வுகூடத்திற் செய்துவிட்டனர். மலிவான அனிலின் சாயங்கள் பாரசீகத்துக்குள்ளே புகுந்தன. அவை நீரிலே கசிந்தன, வெயிலிலே வெளுத்தன. நாட்டின் கம்பளப் புகழ் கெடுவதைக் கண்ட கஜார் அரசு அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்ய முயன்றது. பின்னர் வந்த குரோமியச் சாயங்கள் உறுதியானவை. ஆகவே செயற்கைச் சாயமெல்லாம் இழிந்ததென்று தள்ளுதல் முறையன்று. ஒரே நிறத்தின் நடுவே மெல்லிய பட்டைகளாக நிறவேறுபாடு காணுமாயின் அதனை அப்ராஷ் என்பர். கையாற் சிறிது சிறிதாகச் சாயமிட்ட இழைகள் ஒன்றையொன்று முற்றும் ஒவ்வாமையால் விளைவது அது. அதனைக் கறையென்று கருதி விலைகுறைக்கக் கேட்டவரும் உளர். இப்போது இயந்திரக் கம்பளத்திலும் வேண்டுமென்றே அப்ராஷ் காட்டுகின்றனர் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

ஊர்களைப் பற்றி விரிப்பிற் பெருகும். தப்ரீஸ், காஷான், இஸ்பஹான், கெர்மான், நாயீன், கும் என்னும் நகரங்கள் வரைபடம் வைத்து நெய்வன. சில பட்டறைகளிலே ஒருவர் வரைபடத்தைப் பார்த்து நிறங்களை இசையோடு சொல்ல, மற்றையோர் கேட்டுக் கட்டுவர். கிராமத்தாரும் இடம்பெயர் குடியினரும் பெரும்பாலும் நினைவிலிருந்தே நெய்வர். அவர்தம் கம்பளத்திலே ஒரு மூலை மற்ற மூலைக்கு ஒத்திராது. ஹெரிஸ் கம்பளம் முடிச்சு நெருக்கமற்றது. எனினும் அதன் துணிந்த கோடுகளுக்கு விருப்பம் குன்றியதில்லை. பிஜார் கம்பளம் இரும்புபோல இறுகியது. அதனை மடித்தலாகாது, சுருட்டுதலே தகும். முடிச்சின் தொகையே மதிப்பு என்பாரை இவ்விரண்டும் மறுக்கின்றன. என் கருத்து என்னவெனில், எண் நூறு மதிப்பெண்ணுக்கு நாற்பதே. கம்பளியும் நிறமும் கோலத்தின் உயிர்ப்புமே எஞ்சிய அறுபது. பார்ஸ் மாகாணத்து நெசவும் காஷான் நெசவும் 2010இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலே சேர்க்கப்பட்டன.

அதே 2010ஆம் ஆண்டிலேதான் ஐக்கிய அமெரிக்கா ஈரானியக் கம்பளத்துக்குக் கதவை மீண்டும் அடைத்தது. 1987இல் முதலிலே தடுத்தது, 2000இல் திறந்தது, 2010இல் அடைத்தது, 2016இல் திறந்தது, 2018இல் மறுபடியும் அடைத்தது. அரசுகள் பிணங்குவதற்குக் காரணம் பல இருக்கலாம். தறியின் முன்னே அமர்ந்திருக்கும் கிராமத்துப் பெண் அவற்றுள் ஒன்றன்று. ஆயினும் கதவு அடைபடுந்தோறும் அவள் கூலியே முதலிற் குறைகின்றது.

இனி வாங்கும் வகை. கம்பளத்தைப் புரட்டுக. கையாற் கட்டியதாயின் மேலே காணும் கோலம் மறுபுறத்திலும் அதே நிறத்தில், ஏறக்குறைய அதே தெளிவோடு தோன்றும். ஒவ்வொரு முடிச்சும் சிறு மணிபோலத் தெரியும். அம்மணிகள் முற்றும் ஒரே அளவினவாக இரா. குஞ்சத்தைப் பிடித்துப் பார்க்க. அது பாவு நூலின் முனையே. கம்பளத்தின் உடலிலிருந்து வெளிவரவேண்டும். தனியே தைத்து ஒட்டியிருப்பின் ஐயுறுக. பழைய கம்பளத்துக்குப் பழுதுபார்த்தபோது புதுக் குஞ்சம் தைப்பதும் உண்டாதலின் இவ்வொன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லற்க. மறுபுறம் முழுவதையும் ஒரு துணி மூடியிருந்தால், அது பெரும்பாலும் துப்பாக்கிபோன்ற கருவியாலே இழையைக் குத்தி, இறப்பர்ப் பசையால் ஒட்டியதாகும். அதனையும் கைவேலை என்றே விற்பர். கையிலே பிடித்த கருவியாற் செய்ததாகலின் அச்சொல் பொய்யுமன்று, மெய்யுமன்று. சில ஆண்டுகளிலே பசை காய்ந்து பொடியாய் உதிரும்.

என் பழைய மாணவரின் கம்பளத்திலே மறுபுறம் சணலிழை விறைத்து நின்றது. முடிச்சில்லை. குஞ்சம் தையற்பொறியாலே தைக்கப்பட்டிருந்தது. மயிரிழையொன்றை உருவி, அவர் சம்மதத்தோடு தீக்குச்சியிலே காட்டினேன். கம்பளியாயின் தலைமயிர் கருகும் நாற்றம் எழும். சாம்பல் விரலிற் பொடியும். இதுவோ உருகிக் கறுத்த மணியாய்த் திரண்டது. கடைக்காரர் கொடுத்த சான்றிதழை எடுத்து வந்தார். பொன்னெழுத்தால் அச்சிடப்பட்ட அதிலே பாரசீகம் என்னும் சொல்லையடுத்து வடிவம் என்னும் சொல் சிறிய எழுத்திலே நின்றது. கடைக்காரர் சட்டப்படி ஒரு பொய்யும் சொல்லவில்லை. எழுபது விழுக்காடு விலைகுறைத்துத் தந்தார் என்றும் அவர் சொன்னார். ஒரு பொருளை அத்துணை குறைத்து விற்கக்கூடுமாயின் முதலிற் சொன்ன விலை விலையேயன்று. சிறிதுநேரம் பேசாதிருந்து, கம்பளத்தை முன்போலவே விரித்துவிட்டு, “கிடக்கட்டும் சேர், பிள்ளைகள் இருந்து விளையாட நல்லது” என்றார்.

தப்ரீஸ், காஷான் என்னும் பெயர்களாலே இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் சீனத்திலும் கையால் நெய்த கம்பளங்கள் வருகின்றன. அவை கோலத்தின் பெயர்கள், ஊரின் பெயர்களல்ல. அவற்றுள்ளும் நேர்மையான நல்ல வேலை உண்டு. பாரசீக விலை கொடுத்து வாங்குவதே தவறு. பட்டு எனச் சொல்லி மினுமினுப்பேற்றிய பருத்தியையும் செயற்கைப் பட்டையும் விற்போர் பலர். இங்கும் தீக்குச்சி துணைசெய்யும். ஈரமான வெள்ளைத் துணியால் நிறங்களைத் தேய்த்துப் பார்க்க. நிறம் ஏறுமாயின் நீங்குக. மயிரைப் பிளந்து வேரைக் காண்க. நுனியிலிருந்து அடிவரை நிறம் மெல்ல மெல்ல மாறியிருப்பின் வெயிலின் வேலை, நுனி மட்டும் திடீரென வெளுத்திருப்பின் குளோரீனின் வேலை எனக் கொள்ளலாம். 1920களிலே அமெரிக்காவுக்குச் சென்ற சாருக் கம்பளங்களின் நிறத்தை மருந்தால் மட்டுப்படுத்தி, பின்னர் தூரிகையால் இருண்ட சிவப்பைத் தீட்டி விற்றனர். அவற்றிலே மேற்புறச் சிவப்பும் மறுபுறச் சிவப்பும் வேறுவேறு. கம்பளத்தை வெளிச்சத்தின்முன் தூக்கிப் பிடித்தால் துளைகள் தெரியும். சிறிது மடித்தால் முறியும் ஓசை கேட்குமாயின் பாவு நூல் இற்றுவிட்டது, எவ்விலைக்கும் வாங்கற்க.

இறைவன் ஒருவனே நிறைவுடையோன் ஆதலின் நெய்வோர் ஒவ்வொரு கம்பளத்திலும் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவர் என்று கடைகளிலே கதை சொல்வர். அழகிய கதை. இருபது இலட்சம் முடிச்சுக் கட்டும் மனிதக் கைக்குப் பிழைவிடத் தனி முயற்சி வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

பேணும் முறை எளிது. ஆனால் விடாது செய்யவேண்டும். கம்பளத்தைக் கொல்வது மிதியன்று, மணல். நுண்மணல் மயிரின் வேரிலே தங்கி, மிதிக்குந்தோறும் அரம்போல அறுக்கும். செருப்பை வாயிலிலே கழற்றும் வழக்கம் நமக்கும் ஈரானியருக்கும் பொதுவானது, அதுவே முதற்காப்பு. வாரந்தோறும் மென்மையான தும்புத்தடியாலோ, தூசுறிஞ்சும் பொறியாலோ மயிர் சாய்ந்த திசையிலே துடைக்க. பொறியின் சுழலும் தூரிகையை நிறுத்திவிடுக; குஞ்சத்தை அது விழுங்கிவிடும். கொடியிலே போட்டுத் தடியால் அடிப்பது பழைய பாவு நூலை அறுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாறு காலாகத் திருப்பிப் போட்டால் வெயிலும் மிதியும் ஒரே பக்கத்திற் படா. வெயிலின் தீமை சிறிதன்று. ஆர்தபீற் கம்பளத்தை 2006 முதல் இலண்டனிலே கண்ணாடிக் கூட்டுள் தரையில் விரித்து வைத்து, ஒவ்வோர் அரைமணி நேரத்திலும் பத்து நிமிடம் மட்டுமே விளக்கேற்றிக் காட்டி வந்தனர். நம் நாட்டு நடுப்பகல் வெயில் சாளரத்தினூடே நாள் முழுதும் விழும் இடத்திலே கம்பளத்தை இடுதல் எத்தகையது என்பதை இதனால் உணரலாம்.

தேநீர் சிந்தினால் தேய்க்கற்க. வெள்ளைத் துணியை வைத்து அமுக்கி ஒற்றியெடுத்து, குளிர்ந்த நீரால் மீண்டும் ஒற்றுக. கம்பளி நம் தலைமயிர்போன்ற புரதப்பொருள். சலவைச்சோடாவும் வெந்நீரும் வெளிற்றும் மருந்தும் அதற்குப் பகை. பட்டுக் கம்பளமாயின் நீரும் வேண்டாம், அறிந்தவரிடம் கொடுக்க. பூச்சாடியைக் கம்பளத்தின்மேல் வைப்பது நம்மவர் பலர் செய்யும் பிழை. சாடியின் அடியிலே கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் நின்று, பருத்திப் பாவு உளுத்து, ஒருநாள் வட்டமாகக் கிழிந்து போகும்.

அந்துப்பூச்சியே பெரும் பகை. பறக்கும் பூச்சி கம்பளியைத் தின்பதில்லை. அதன் புழுவே தின்கின்றது. இருளும் அசைவின்மையும் அதற்கு வேண்டும். ஆகவே நடக்கும் இடத்திலே அது வாழாது. அலுமாரியின் அடியிலும் கட்டிலின் கீழும் மறைந்த ஓரத்திலேதான் வாழும். மாதம் ஒருமுறை அவ்வோரங்களைப் புரட்டித் துடைத்தாலே பெரும்பாலும் போதும். வேப்பிலையும் கற்பூரவுருண்டையும் இடுவோர் துடைப்பதை விட்டுவிடுவதுண்டு, அதனாற் பயனில்லை. சிறு கம்பளத்திலே புழு கண்டால், பொலித்தீனிற் காற்றுப்புகாமற் சுற்றி, பாகை −20 அளவு குளிருள்ள உறைகுளிர்ப் பெட்டியிலே ஒரு வாரம் வைத்து எடுப்பது நூதனசாலைகள் கைக்கொள்ளும் வழி.

நெடுநாள் எடுத்துவைப்பதாயின் முதலிலே நன்றாகத் துடைத்துக் காயவைக்க. மடித்தல் ஆகாது. மயிர் சாய்ந்த திசையிலே ஒரு குழாயின்மேற் சுருட்டி, துவைத்த பருத்தித் துணியாற் பொதிந்து, தரையில் படாமல் உயரத்திலே கிடத்துக. பொலித்தீனிலே நிரந்தரமாகச் சுற்றினால் நம் மாரிகாலத்து ஈரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். ஆண்டிலே இரண்டு முறையாவது விரித்துக் காற்றாட விடுக. அப்போது மறுபுறத்தை மேலாகப் போட்டுப் பார்த்தால், எங்கேனும் ஊடை அறுந்திருப்பின், முடிச்சு உதிர்வதற்கு முன்னரே கண்டு தைத்துக்கொள்ளலாம்.